பாம்பு பிடித்த குடை

1. துணி விலகியது

தமிழும் மலையாளமும் கலக்கிற எல்லையில், கம்பம்மெட்டுப் பக்கம் ஒரு சின்ன மாதா கோவில். திருவிழா அன்று காலை, நான் செய்த சிலையை மூடியிருந்த துணியை ஃபாதர் இழுத்தார். கைதட்டல் வரும் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றேன். ஒரு கைகூடத் தட்டவில்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர், "இது நம்மட பத்மநாபசாமி இல்லே?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த எஸ்டேட் பெண்கள் இருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் கும்பிட்டது மாதாவை அல்ல. மாதாவின் தலைக்கு மேலே ஏழு படத்தையும் விரித்து நின்ற பாம்பைத்தான். அந்தப் பாம்பு கிறிஸ்தவர்களின் வேதத்தில் சாத்தான். அதைக் கும்பிடும்படி செய்து வைத்த புண்ணியவான் நான்.

எனக்கு ஊர் எலப்புள்ளி. சிமெண்ட் சிலை வேலை. கோவில் கோபுரத்துப் பொம்மைகள், அய்யனார் குதிரை, கம்பெனி வாசல் பிள்ளையார் என்று வாழ்நாள் முழுக்கச் செய்தாயிற்று. தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் நன்றாக வந்த வேலைகளைப் பற்றியே கேட்கிறார்கள். அதெல்லாம் ரோட்டில் போகிறவருக்கே தெரியும். இந்த வேலையைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2. ஃபாதர் வாசித்தார், நான் கம்பி கணக்குப் போட்டேன்

சிலை ஸ்டெல்லாவின் நேர்த்திக்கடன். ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரிக்கிற பெண். அவளுக்கு வயிற்றிலேயே கலைந்தவை போக, பிறந்து சில நாளில் போன குழந்தையும் உண்டு. கடைசியாக ஒரு பெண்குழந்தை தங்கியது. அது முழுதாக நடக்கத் தொடங்கினால், வேதத்தில் வருகிற மாதாவையும் பாம்பையும் சிலையாக வைக்கிறேன் என்று வேண்டியிருந்தாள். குழந்தை நடந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் ஃபாதர் என்னை உட்காரவைத்து வேதத்தின் கடைசிப் புத்தகத்தை மலையாளத்தில் வாசித்தார். எனக்கு மொழி புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது, பாலக்காட்டுக்காரன். சூரியனை உடுத்திய ஒரு பெண், காலடியில் நிலா, தலையில் நட்சத்திரக் கிரீடம் என்று வாசித்தார். பிறகு, சிவப்பு நிறத்தில் ஏழு தலையுள்ள ஒரு பெரிய பாம்பு என்றார். அந்த இடத்தில் என் காது அடைத்துக்கொண்டது. ஏழு தலைப் பாம்பு எனக்குத் தெரியாதா? எத்தனை கோவிலில் செய்திருப்பேன்! ஏழு கழுத்துக்கு எத்தனை மில்லி கம்பி, கோழிவலை எவ்வளவு, பாரம் முன்னால் சாயாமல் பின்சுவரில் எப்படிக் கட்டுவது என்று மனம் அங்கே போய்விட்டது. அவர் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார், நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"மேஸ்திரிக்கு மனசிலாயோ?" என்று கேட்டார்.

"நல்லாப் புரிஞ்சுதுங்க ஃபாதர்" என்றேன்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி வெகுநாள் குழந்தை இல்லை. என் மனைவி சரசு வேப்பமரத்தடி நாகர் கல்லுக்கு மஞ்சள் பூசி, பால் ஊற்றிச் சுற்றிவந்துதான் மகள் பிறந்தாள். நாகரத்தினம் என்றே பெயர் வைத்தோம். எனக்குப் பாம்பு என்றால் பிள்ளை கொடுக்கிற சாமி. ஸ்டெல்லாவின் வேண்டுதலைக் கேட்டதும் நம்மைப் போலத்தானே என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

3. துணி கட்டும் பழக்கம்

சிலைக்குக் கண் திறக்கும்வரை வெளியாள் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் பழக்கம். அங்கேயும் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டிக்கொண்டேன். ஃபாதர் ஒருமுறை எட்டிப் பார்க்க வந்தார். "மன்னிக்கோணுங்க, கண்ணுத் தொறக்கற வரைக்கும் ஆகாதுங்க" என்று தடுத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். மரியாதை தெரிந்த மனிதர். வீம்பு எனக்குத்தான்.

ஸ்டெல்லா தினமும் ஸ்டோருக்குப் போகும் வழியில் தூக்கில் பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவருவாள். குழந்தை இடுப்பில் இருக்கும். தார்ப்பாய்க்கு வெளியே நின்றே பேசுவாள்.

"அண்ணே, அந்தப் பாம்பு மூஞ்சிய நல்லாக் கொடூரமா வைங்கண்ணே. பாத்தவொடனே எனக்கு ஆத்திரம் வரணும்."

"வெச்சரலாம் தங்கச்சி. நீ பயப்படற மாதிரியே வெக்கிறேன்."

வைத்தேன். பல், பிதுங்கிய விழி, தொங்கும் நாக்கு எல்லாம் வைத்தேன். ஆனால் எங்கள் கோவில்களில் கொடூர முகம் காவல்காரனுக்கு உள்ளது. வாசலில் துவாரபாலகர் பல்லைக் காட்டிக்கொண்டுதானே நிற்கிறார்? அதனால் அவள் சொன்னதும் நான் செய்ததும் ஒத்துப்போவதாகவே நினைத்தேன். ஃபாதர் வைக்கச் சொன்ன மிக்கேல் தூதர் ஒரு பக்கம் வாளோடு காவல், பின்னால் பாம்பு குடைபிடித்துக் காவல், நடுவில் மாதாவும் குழந்தையும். வேலை நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கு உச்சி குளிர்ந்தது.

4. அவள் கேட்டது

துணி விலகிய இடத்துக்கு வருகிறேன். சிரிப்பு அடங்கியதும் ஸ்டெல்லா முன்னால் வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சிலையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடினாள்.

"எம்புள்ளைகளத் தின்ன பாம்புண்ணே அது. அதையா இவ தலைக்குக் கொட புடிக்க வச்சீங்க?"

"இல்ல தங்கச்சி, எங்கூர்ல பாம்புன்னா..." என்று ஆரம்பித்தேன். அந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் யாருக்கு வேண்டும்? நிறுத்திக்கொண்டேன்.

ஃபாதர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். நான் கேட்காமல் விட்ட மிச்சத்தை அப்போது சொன்னார். அந்தப் பாம்பு பெண்ணுக்கு முன்னால் நிற்கிறது, குழந்தை பிறந்ததும் விழுங்குவதற்கு. முதல் தோட்டத்தில் ஏவாளை ஏமாற்றியதும் அதுதான். மிக்கேல் அதனோடு போரிட்டுத்தான் வானத்திலிருந்து கீழே தள்ளுகிறார்.

"ஞான் இதெல்லாம் வாசிச்சேனே மேஸ்திரி. நீங்க கேட்டில்லேயோ?"

"கேட்டனுங்க ஃபாதர். மறந்துட்டனுங்க."

பொய். அவருக்கும் அது தெரிந்தது. என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை. அன்று மத்தியானம் திருவிழாச் சோற்றுக்கு எல்லோரும் கூப்பிட்டார்கள். இலைக்கு முன்னால் உட்கார எனக்கு முகம் இல்லை, தார்ப்பாய் மறைவிலேயே இருந்துவிட்டேன்.

5. உடைத்தது

உடைத்துவிட்டு மறுபடி செய்வதாக ஃபாதரிடம் சொல்லியிருந்தேன். ஆனால் சம்மட்டியை எடுத்தால் கை மேலே போகவில்லை. படம் விரித்த நாகத்தை நானே எப்படி உடைப்பேன்? மகள் முகம் கண்ணில் வந்தது. சரசுவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"ஏனுங்க, நம்மூட்டு நாகரு புள்ள குடுத்துச்சு. அந்தப் பாம்பு அந்தப் பொண்ணு பெத்ததுகளத் தின்னுருக்குது. ரெண்டும் ஒண்ணாகுமுங்களா? மொதல்ல ஒடைங்க. இதக்கூட நாஞ் சொல்லோணுமா?"

உடைத்தேன். இந்தமுறை தார்ப்பாய் கட்டவில்லை. ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள், கேலியும் செய்தார்கள். கேட்டுக்கொண்டே வேலை செய்தேன். பாம்பை மாதாவுக்கு முன்னால், தரையோடு தரையாகப் புரளவிட்டேன். கழுத்துகள் மேலே எழும்புகின்றன, மிக்கேலின் கால் அவற்றில் ஒன்றை மிதித்திருக்கிறது. ஃபாதரை மறுபடி வாசிக்கச் சொன்னேன். இந்தத் தடவை சிமெண்ட் பூசுகிற கரணையைக் கீழே வைத்துவிட்டு முடியும்வரை கேட்டேன்.

கண் திறக்கும் நாளில் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். "தங்கச்சி, இதோட பார்வை எங்க இருக்கோணும்? நீ சொல்லு" என்றேன்.

அவள் குழந்தையை இறக்கிவிட்டு, மாதா இருந்த பீடத்துக்கு அருகில் போய் நின்றாள். பிறகு தன் வயிற்றில் விரலை வைத்தாள்.

"இங்கண்ணே."

ஏழு தலைக்கும் விழியை அந்த இடம் பார்த்துத் தீட்டினேன். தீட்டி முடித்ததும் அவள் குனிந்து, காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றினாள். நடுத்தலையில் ஓங்கி ஒரு அடி. அடுத்த தலையில் ஒன்று. பெயிண்ட் காயவில்லை, செருப்பின் அச்சு அப்படியே பதிந்தது. பக்கத்தில் இருந்த ஃபாதர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் மூச்சு வாங்க அழுதாள். குழந்தை அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சிலை வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சிலை நம்முடையது அல்ல, கேட்டவருடையது. தெரிந்த விஷயம் போலத் தோன்றும்போதுதான் வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்க வேண்டும். இதை இந்த வயதில் கற்றேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

அழுது ஓய்ந்ததும் ஸ்டெல்லா அந்தச் செருப்பு அச்சைப் பார்த்துவிட்டு, "சாரிண்ணே, கெடுத்துப்புட்டேன்" என்றாள். பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன், ஃபாதரும் பூசிவிடச் சொல்லித் தலையசைத்தார். ஆனால் அதன்மேல் பெயிண்ட் பூச எனக்கு மனம் வரவில்லை. நான் தப்பாகச் செய்த பாம்பைக் கன்னத்தில் போட்டுக் கும்பிட்டார்கள். ஒழுங்காகச் செய்த பாம்பு செருப்படி வாங்கியது. அச்சு இன்னும் அங்கேயே இருக்கிறது.