பிலோமினா மேடம் சொன்ன நாவல்

தில்லை நகரில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலி அம்மாள் கைப்பையிலிருந்து சால்வையை எடுத்து உதறினார். அந்துருண்டை வாசனை. பல்வலி மறந்து, ஸ்ரீரங்கத்துக் கிளை நூலகத்துக்குப் போய்விட்டேன். என் முதல் வேலை அங்கேதான். பெரிதாக நினைத்துவிடாதீர்கள், புத்தகத்துக்கு முத்திரை குத்துவதும் அலமாரிக்கு அந்துருண்டை போடுவதும்தான்.

நூலகர் பிலோமினா மேடம். பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வருவார். ஜன்னல் சீட் கிடைத்த நாளில் முகமே வேறு மாதிரி இருக்கும். அந்த வருடம் ஒரு நாவல் வந்தது. கோயில் தெருப் பெண் ஒருத்தி வேற்று மதத்துக்காரனைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிற கதை. தினமும் பேப்பர் படிக்க வரும் வரதன் சார் மேலிடத்தில் புகார் செய்தார். நாவலை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

மேடம் அதை உள்ளே வைத்துப் பூட்டினார். ஆனால் அலமாரித் தட்டில் அது இருந்த இடத்தை நிரப்ப என்னை விடவில்லை. அங்கே ஓர் அட்டையைச் செருகினார்: 'இங்கிருந்த புத்தகத்தை நீங்கள் படிக்கக் கூடாதாம். ஏன் என்று கேளுங்கள்.'

கேட்டார்கள். ஏன் என்று சொல்லக் கதையையே சொல்ல வேண்டியிருந்தது. சாயங்காலந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். உள்ளே இடமில்லாமல் வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். வரதன் சார் கோபமாக வந்தார்.

"குடுக்கப்படாதுன்னு ஆர்டர் இருக்கோன்னோ?"

"குடுக்கலையே சார், சொல்றேன். நீங்க படிச்சீங்களா?"

"கேள்விப்பட்டேன்."

"அப்ப இதையும் கேட்டுட்டுப் போங்க."

கதவோரம் நின்று கேட்டார். மறுநாளும் நின்றார். அதற்கடுத்த நாள் நான் நாற்காலி போட்டேன். உட்கார்ந்தார்.

கதை முடிவதற்குள் மேடத்தை வையம்பட்டிக்கு மாற்றிவிட்டார்கள். "தூரம் ஜாஸ்தி, பஸ்லயே நல்லாத் தூங்கலாம்" என்று சிரித்தார். அழுதது நான்தான்.

ஒரு வாரம் கழித்து வரதன் சார் என் மேஜைக்கு வந்தார். குரல் தணிந்திருந்தது. பூட்டி வைத்த நாவலை அதற்குள் நான் படித்து முடித்திருந்தேன்.

"அந்தப் பொண்ணை அவ அப்பா சேத்துண்டாரோ?"

"இல்ல சார். கடைசிவரைக்கும் சேத்துக்கல."

கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். "சேத்துண்டிருக்கலாம்" என்றார்.

நூலகம் இருந்த அந்த ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை. மேடமும் போய்ச் சேர்ந்துவிட்டார். உத்தரவை எப்போதோ நீக்கிவிட்டார்கள். புது நூலகத்தில் நாவல் எல்லோர் கைக்கும் எட்டுகிற தட்டில் இருக்கிறது. பிரித்தேன், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒரு பெண்ணின் கதி என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள, வேலை முடிந்த அலுப்போடு வாசலில் கால்மாற்றி நின்ற அந்த ஜனங்களைத்தான் காணோம்.