தோப்பில் விழுந்த மிளா

என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் கறிக்கடை. கல்யாணமாகி வந்த புதிதில் நான் கடைப்பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பிறகு ஆட்டுத்தலை வாட்டுவதும் குடல் கழுவுவதும் என் வேலையாகவே ஆகிவிட்டன. வெள்ளிக்கிழமை வியாபாரம் இருக்காது என்பதால் அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு, செண்பகத்தோப்பு போகிற வழியில் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த மாந்தோப்புக்குப் போய்விடுவோம். மலையை ஒட்டிய தோப்பு. கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஓடை. ஓடையைத் தாண்டினால் காடு.

அந்தக் கோடையில் ஓடை சுத்தமாக வற்றிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை காலை கேட்டைத் திறக்கும்போதே நாய்ச் சத்தம் கேட்டது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் நாலைந்து நாய்கள் எதையோ சுற்றிக்கொண்டு நின்றன. இவர் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். நாய்கள் சிதறி ஓடின.

மிளா ஒன்று கிடந்தது. மான் சாதிதான், ஆனால் புள்ளிமானைவிட ரொம்பப் பெரிது, ஒரு நாட்டுப்பசு உயரம் இருக்கும். பெட்டை. எங்கள் தொட்டியில் தண்ணீர் குடிக்க வந்ததை நாய்கள் விரட்டியிருக்கின்றன. திரும்பி ஓடும்போது வேலியைத் தாண்டப் பார்த்து, பின்னங்கால் கம்பியில் சிக்கி, சிமெண்டு வாய்க்காலின் விளிம்பில் முதுகு அடிபட விழுந்திருக்கிறது. அடிவயிறு கிழிந்து தொங்கியது. கால் இன்னும் கம்பியில்தான் மாட்டியிருந்தது.

இவர் மோட்டார் ரூமிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துவந்து கம்பியை வெட்டினார். கால் விடுபட்டதும் அது எழுந்து ஓடிவிடும் என்றுதான் நினைத்தேன். முன்னங்கால்களை ஊன்றி எழப் பார்த்தது. பின்பாதி வரவே இல்லை. அந்தப் பாதி வேறு யாருடைய உடம்போ என்பது போல மண்ணிலேயே கிடந்தது. மறுபடியும் ஊன்றியது, மறுபடியும் விழுந்தது.

இவர் அதன் முதுகில் கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் கை நின்றது.

“முதுகெலும்பு போயிருச்சு” என்றார். “இனி இது எந்திரிக்காது.”

“அப்போ?”

“அப்போ என்ன. பாரஸ்ட்டுக்குப் போனைப் போடு.”

நான்தான் போன் செய்தேன். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பை நிழலுக்கு இழுக்க எங்களால் முடியவில்லை. இழுத்தபோது அது போட்ட சத்தத்தைக் கேட்டதும் விட்டுவிட்டோம். தார்ப்பாயைக் கட்டி நிழல் செய்தோம். கிழிந்த வயிற்றில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. நான் சேலை முந்தானையால் தட்டத் தட்ட அது மறுபடியும் வந்தது. மடியைப் பார்த்தேன். வற்றியிருந்தது. குட்டி எதுவும் காட்டில் காத்திருக்காது என்ற அந்த ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஆறுதல்.

கையில் தண்ணீர் ஏந்தி வாயருகே நீட்டினேன். நாக்கால் நக்கிக் குடித்தது. குடிக்கக் குடிக்க எனக்குப் பயம் வந்தது. இந்தத் தண்ணீர் இதை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைக்குமே, நான் செய்வது நல்லதா கெட்டதா? கையை எடுத்தால் அது என் கையைத் தேடியது. மறுபடியும் ஏந்தினேன்.

“ஏங்க” என்றேன். “நீங்க முடிச்சு விட்ருங்க.”

இவர் தார்ப்பாயின் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

“ஒரு நிமிஷ வேலை உங்களுக்கு. தினமும் செய்றதுதான? இது இப்படிக் கெடந்து சாகணுமா?”

“ஏட்டி, நான் கறிக்கடைக்காரன்” என்றார். “வண்டிப் பையில கத்தி இருக்கு. என் தோப்புல மிளா கழுத்தறுந்து கெடந்தா, பாவம் பாத்து அறுத்தேன்னு சொன்னா எவன் நம்புவான்? கறிக்குன்னுதான் கேஸ் எழுதுவாவ. உள்ள போனா எப்ப வெளிய வருவேன்னு தெரியாது. ரெண்டு பொம்பளைப் பிள்ளைகள வச்சுக்கிட்டு நீ என்ன செய்வ?”

மிளாவின் மூச்சு ஒவ்வொன்றும் இருமலைப் போல வந்துகொண்டிருந்தது. ‘ஏசப்பா, இதை எடுத்துக்கோங்க’ என்று ஜெபித்தேன். ஓர் உயிர் போக வேண்டும் என்று ஜெபித்தது அதுதான் முதல் தடவை.

வனத்துறையிலிருந்து வந்தவள் சின்ன வயசுப் பெண். டூவீலரை நிறுத்திவிட்டு ஓடிவந்து பார்த்தாள். அவள் முகம் செத்துப்போனது. யார் யாருக்கோ போன் போட்டாள். வனத்துறை டாக்டர் தேனிப் பக்கம் போயிருக்கிறாராம், கிளம்பிவிட்டாராம்.

“டாக்டர் வந்தா காப்பாத்திருவாராம்மா?” என்று கேட்டேன்.

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. “முதுகு போயிட்டா ஒண்ணும் செய்ய முடியாதுக்கா. ஆனா முடிச்சு வைக்கணும்னாலும் டாக்டர்தான் பாத்துச் சொல்லணும். அவரும் மேலிடத்துல அனுமதி கேக்கணும். நானா எதுவும் செஞ்சா என் வேலை போயிரும்.”

உச்சிப்பொழுது ஆகியும் டாக்டர் வரவில்லை. மிளாவின் கண்ணோரத்தில் ஈ மொய்த்தது. அந்தப் பெண் எழுந்தாள். இவருடைய வண்டியில் தொங்கிய பையைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

“அண்ணே, நான் மெயின் ரோட்டுக்குப் போயி டாக்டர் வண்டிக்கு வழி காட்டிக் கூட்டிட்டு வாரேன். வர செத்த நேரம் ஆகும்.”

இவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “நீ எதுக்குப் போற தாயி? அதைச் சொல்லிட்டுப் போ.”

அவள் வண்டிச் சாவியை எடுத்தாள். “என்னால சொல்ல முடியாதுண்ணே” என்றாள். அழுதுகொண்டேதான் வண்டியைக் கிளப்பினாள்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் இவர் எழுந்து போய்ப் பையிலிருந்த கத்தியை எடுத்துவந்தார். நான் தடுக்கவில்லை. மிளாவின் தலைமாட்டில் மண்டியிட்டு, இடது கையைத் தாடைக்குக் கீழே கொடுத்து, கட்டைவிரலால் கழுத்தில் இடம் பார்த்தார். கடையில் ஆயிரம் தடவை நான் பார்த்த கைதான். அன்றைக்கு அது நடுங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எதுவும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது இவர் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோப்பில் வேலை பார்க்கிற ஆள் வேலிக்கு வெளியே நின்று செல்போனை எங்களை நோக்கிப் பிடித்திருந்தான்.

“எதுக்குய்யா படம் எடுக்குற?” என்று கத்தினேன்.

“சும்மாதான்க்கா” என்றபடி போனை இறக்கினான்.

இவர் கத்தியைக் கீழே வைத்தார். வைத்த கையாலேயே மிளாவின் கண்ணில் மொய்த்த ஈயை விரட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கத்தியைத் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஆள் போய்விட்டான். நாய்கள்தான் திரும்பி வந்து நிழலில் படுத்துக்கொண்டு எங்களையே பார்த்தன.

ரொம்ப நேரம் கழித்துத்தான் அந்தப் பெண் திரும்பினாள். மிளா உயிரோடு கிடப்பதைக் கண்டதும் அவள் முகத்தில் வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வெயில் தாழ்ந்த பிறகு டாக்டரின் ஜீப் வந்தது. அவர் குனிந்து தொட்டுப் பார்த்து, இவர் காலையில் சொன்னதையே சொன்னார். மேலே போன் செய்தார். லைன் கிடைக்கவில்லை, கிடைத்தபோது அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினார். பொறுக்க மாட்டாமல் ஒரு கட்டத்தில் டாக்டரே சொல்லிவிட்டார்: “சார், நீங்க இங்க வந்து இது மூச்சு விடுறதக் கேளுங்க சார்.”

அனுமதி வந்ததும் ஊசியை எடுத்தார். இவரைப் பார்த்து, “தலையைப் பிடிச்சுக்கிறீங்களா?” என்றார். இவர் மறுபடியும் மண்டியிட்டு அதன் தலையை மடியில் ஏந்திக்கொண்டார். ஊசி போட்டு நான் ஒரு சின்ன ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் அந்த இருமல் மூச்சு நின்றுவிட்டது. அவ்வளவுதான். பகல் முழுக்க அது காத்துக் கிடந்தது அந்தச் சின்ன நேரத்துக்காக.

மறுநாளே வீடியோ ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றியது. கறிக்கடைக்காரன் மான் அறுக்கிறான் என்று எழுதியிருந்தார்கள். கடைக்கு வந்த ஒருவர் கறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஆடுதான?” என்று கேட்டார். வனத்துறை ரேஞ்ச் ஆபீசில் கூப்பிட்டு விசாரித்தார்கள். உடம்பில் கத்திக் காயமே இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இவர் முடித்து வைக்கட்டும் என்றே தான் ரோட்டுக்குப் போனதையும் அந்தப் பெண் மறைக்காமல் சொல்லிவிட்டாளாம். அவளை வேறு ஊருக்கு மாற்றினார்கள். இவரை வழக்கில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆபீசிலிருந்து வந்த சாயங்காலம் இவருக்குச் சோறு போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

“இத்தனை வருசமா எம்புட்டு ஆடு அறுத்திருப்பேன்” என்றார். “எல்லாம் நமக்காக. வீட்டுச் செலவுக்காக. ஒண்ணைக்கூட அந்த ஆட்டுக்காக அறுக்கலை. இந்த ஒண்ணைத்தான் அதுக்காகவே அறுத்திருக்கணும். அதைச் செய்யலையே.”

“அந்தப் பயல் போனை நீட்டிக்கிட்டு நின்னா நீங்க என்ன செய்வீக?”

“அவன் வராட்டியும் அறுத்திருப்பேனான்னு தெரியலட்டி. கை நடுங்குச்சு. நடுங்குற கையால அறுத்தா அது இன்னும் பெரிய கொடுமை.”

தோப்பு வேலியின் மேல்வரிசைக் கம்பிகளை அவிழ்த்துவிட்டோம். வேலிக்கு வெளியே ஒரு தொட்டி கட்டி, போகிற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிரப்பி வைக்கிறோம். அதைச் சுற்றி மிளாக்களின் குளம்புத் தடங்களைப் பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கும், கூடவே பயமாகவும் இருக்கும். இன்னொன்று விழுந்தால் என்ன செய்வது என்று இவரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை “அறுத்திருவேன்” என்றார். இன்னொரு தடவை “போன்தான் போடுவேன்” என்றார். எனக்கும் அப்படித்தான், நாளுக்கு ஒரு பதில். வண்டிப் பையில் கத்தியை எடுத்துக்கொண்டு வருவதை மட்டும் இவர் நிறுத்திவிட்டார். அது சரியா என்று கேட்டால் அதற்கும் என்னால் பதில் சொல்ல முடியாது.