லாரியைக் கழுவியது குற்றமா?

அண்ணனின் முதலாமாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். "நீதான் டீச்சரு, நீயே எழுதிரு" என்று அண்ணி என்னிடம் பேனாவைக் கொடுத்துவிட்டார். நல்லதாக நாலு பக்கம் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. கோபத்தை மறைத்து எழுதினால் அது அண்ணனின் வாழ்க்கையாக இருக்காது. பொறுத்தருள்க.

அண்ணன் கூடலூரை அடுத்த எங்கள் சிற்றூரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவர் எட்டாம் வகுப்பு படிக்கையில் அப்பா காலமானார். அம்மா களையெடுக்கப் போனார். அண்ணன் புத்தகப் பையை என் தோளில் மாட்டிவிட்டு, காய்கறி லாரியில் கிளீனராக ஏறினார். குமுளி மலைப்பாதையின் வளைவு ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். கேரளப் பக்கத்து வியாபாரிகளோடு மலையாளத்தில் சிரித்துப் பேசுவார். என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பி, எனக்குக் கல்யாணம் செய்து வைத்த பிறகுதான் தாம் கல்யாணம் செய்துகொண்டார். தொண்ணூற்றேழில் ஒரு பழைய லாரியைச் சொந்தமாக வாங்கினார். கேபினுக்கு நீல வண்ணம் பூசினார்.

அந்த லாரியை அவர் கழுவுவதைப் பார்க்க வேண்டும். ஞாயிறு தவறாது. வீட்டை ஒட்டிய காலி மனையில் நிறுத்தி, அடியில் காய்ந்த சேற்றைக் குச்சியால் பெயர்ப்பார். பிறகு சோப்புத் தண்ணீர், கூரையிலிருந்து கீழ்நோக்கி. தார்ப் பொட்டு இருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒற்றி எடுப்பார். பழைய வேட்டியால் ஈரத்தைத் துடைத்துவிட்டு மெழுகு டப்பாவைத் திறப்பார். கையகலம் கையகலமாக வட்டமிட்டுத் தேய்ப்பார். மெழுகு காய்ந்து வெள்ளை பூத்ததும் மெத்தென்ற துணியால் துடைப்பார். நீலம் பளிச்சென்று வெளியே வரும்.

"ஏண்ணே, நாளைக்கே மறுபடி சேறாகப் போகுது, எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ நாளைக்கும் பசிக்கும்னு இன்னைக்குச் சாப்பிடாம இருக்கியாத்தா?" என்றார். அவ்வளவுதான் அவருடைய பதில்.

இரண்டாயிரத்து மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று அண்ணன் சரக்கை இறக்கிவிட்டு வீடு வரவே மதியமாகிவிட்டது. சாப்பிட்டு, மூன்று மணிக்குக் கழுவத் தொடங்கினார். நானும் அன்று அங்கே இருந்தேன். ஐந்து மணி சுமாருக்கு எதிர் வீட்டுக்காரர் வந்து நின்றார். கழுவிய தண்ணீர் தம் வாசலில் தேங்கி நிற்கிறது என்று சத்தம் போட்டார். அண்ணன் மெழுகுத் துணியைக் கீழே வைத்துவிட்டு, மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார். எதிர் வீட்டுக்காரர் கூடவே நின்று, "இன்னும் ஆழமா வெட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கு வைக்கும் வரை லாரி அங்கிருந்து அசையவில்லை.

அதே ஐந்து மணிக்கு லோயர் கேம்ப் சாலையில், திராட்சைத் தோட்ட வேலை முடித்து சைக்கிளில் திரும்பிய ஒருவரை ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. நீல வண்டி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை போலீஸ் எங்கள் வாசலுக்கு வந்தது. வந்த அதிகாரி லாரியின் முகப்பைத் தடவிப் பார்த்தார்.

"என்னய்யா, கண்ணாடி கணக்கா இருக்கு? நேத்துத்தான் கழுவினியா?"

"ஆமா சார். வாராவாரம் கழுவுறதுதான்."

"நேத்து எதுக்கு இப்படித் தேய்ச்ச? ரத்தத்தக் கழுவுனியா?"

அண்ணி ஓடிவந்தார். "அவுக எங்கயும் போகல சார். இங்கனதான் நின்னாக. நாங்க எல்லாரும் பார்த்தோம்."

"பொண்டாட்டியும் தங்கச்சியும் சொல்றதெல்லாம் சாட்சியாம்மா?" என்றார் அவர். முன்பக்கத்தில் ஒரு நசுங்கல் இல்லை, ஒரு கீறல் இல்லை. அதைக் காட்டினால், அதையும் சரிசெய்துவிட்டான் என்றார்கள். அழுக்காக இருந்திருந்தால் விட்டிருப்பார்கள். சுத்தமாக இருந்தது குற்றமாகிவிட்டது.

மூன்று நாள் அண்ணனை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பிறகு வழக்குப் போட்டு, ஜாமீனில் விட்டார்கள். லாரியை விடவில்லை. டீக்கடையில், "அதான் அந்தத் தேய் தேய்ச்சிருக்கான்" என்று பேசிக்கொண்டார்கள். வாடகைக்கு அவர் லாரியையே தேடி வந்த ஆட்கள் அவர்கள்.

அண்ணனைக் கூட்டிப் போன அன்றே நான் எதிர் வீட்டுக்கு ஓடினேன். "நீங்கதான பார்த்தீக? அஞ்சு மணிக்குத் தண்ணிக்குச் சண்டை போட்டீகளே. ஸ்டேஷனுக்கு வந்து அத மட்டும் சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

அவர் செய்தித்தாளை மடிக்கவில்லை. "எனக்கெதுக்கும்மா வம்பு? நான் மணி பார்க்கல" என்றார்.

மணி பார்க்கவில்லையாம்! இன்றைக்கும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது.

அடிபட்டவர் தேனி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அவருக்கு நினைவு திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டதும் நானும் அண்ணியும் பஸ் ஏறினோம். குற்றவாளி வீட்டார் என்று அவர் மனைவி எங்களைத் திட்டி விரட்டுவார் என்று நினைத்தே போனோம். கால் முழுக்கக் கட்டோடு படுத்திருந்தவர் நாங்கள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"சரக்கு லாரியா? யாரும்மா சொன்னது? என்னைய அடிச்சது ஜல்லி ஏத்துற டிப்பரு. நீலந்தான், ஆனா டிப்பரு."

"இத போலீசுகிட்டச் சொன்னீகளா?"

"எங்கிட்ட யாருமே கேக்கலையேம்மா."

கண் விழித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒருவரும் போய்க் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் என்ன? அதான் லாரி பளபளவென்று இருக்கிறதே!

அந்த மனிதர், எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லாதவர், நடக்க முடிந்த முதல் வாரமே இரண்டு கட்டைகளை ஊன்றி ஸ்டேஷனுக்கு வந்து, "இது அந்த வண்டி இல்ல" என்று எழுதிக் கொடுத்தார். வழக்கிலிருந்து அண்ணன் பெயரை எடுத்தார்கள். தவறு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. பத்து வாரம் ஸ்டேஷன் வாசலில் மழையிலும் வெயிலிலும் நின்ற லாரியில் நீலம் வெளுத்து, படிக்கட்டில் துரு ஏறியிருந்தது.

இதற்குப் பின் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணன் லாரியைக் கழுவுவதை விட்டுவிட்டார். மாதங்கள் போயின. சேறும் தூசியுமாகவே மலை ஏறி இறங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குள் சும்மா படுத்திருப்பார்.

"கழுவினா எவனாச்சும் ஏதாச்சும் சொல்லுவான். அழுக்காவே கிடக்கட்டும் தாயி" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை கண்டதில்லை.

அடுத்த ஞாயிறு நானே தேனியில் மெழுகு டப்பா வாங்கிக்கொண்டு போனேன். நானும் அண்ணியும் சேலையைச் செருகிக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க, பட்டப்பகலில் லாரியைக் கழுவினோம். தண்ணீர் ஓடியது. எதிர் வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "வாசல்ல தண்ணி நிக்குதும்மா" என்றார்.

"அன்னைக்கும் நின்னுச்சுல்ல? இப்ப மணி பதினொண்ணு. நல்லாப் பார்த்து வச்சுக்கங்க" என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் மெழுகைத் திட்டுத் திட்டாக அப்பியதைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்தார். "இம்புட்டு மெழுகா வைக்கிறது? கொடு இங்கன" என்று துணியை வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணி சமையற்கட்டுக்குள் போய் அழுதார்.

அதன்பின் ஐந்தாண்டுகள் நன்றாகவே ஓடின. போன வருடத்துக்கு முந்தைய வருடம் வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரைக்கும் வீட்டுக்குமாக எட்டு மாதம் அலைந்தார். வலியைப் பற்றி முனகியதில்லை. படுக்கையில் கிடந்தபோது எதிர் வீட்டுக்காரர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். "உக்காருங்க, காப்பி சாப்பிடுங்க" என்றார் அண்ணன். அது அவருடைய பெருந்தன்மை. எனக்கு அது வாய்க்கவில்லை.

அண்ணனின் நேர்மையைப் புகழ்ந்து எதிர் வீட்டுக்காரர் எழுதித் தந்த இரங்கற் குறிப்பு இந்த மலரில் இல்லை. அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்தியது நான்தான். அண்ணி மீது வருத்தம் வேண்டாம்.

இரவு பகல் பாராமல் அண்ணனைப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், சிகிச்சையளித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், லாரியை இன்று ஓட்டிவரும் ஓட்டுநருக்கும், இறுதி ஊர்வலத்தில் தாங்கித் தாங்கி நடந்தாலும் கடைசிவரை கூடவே வந்த அந்தத் திராட்சைத் தோட்டத் தொழிலாளிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனைத் தங்கமான மனிதர் என்று இன்று என்னிடம் சொல்லிப் போகிறவர்கள் பலர். உண்மைதான். ஆனால் அவர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மூன்று நாளில் ஒருவராவது வந்து, அதை அவர் காதுபடச் சொல்லியிருக்கலாம்.

– தங்கை