ஊதாப் புள்ளிகள்

காசிமாயன் உசிலம்பட்டிக்காரர். பதினொரு வருடமாகத் திருப்பூரில் பனியன்களுக்குப் பிரிண்டிங் போடுகிறார். 2006இல் வந்த ஒரு வெளிநாட்டு ஆர்டரில், ராத்திரி நேரத்து ஆற்றங்கரை நகரத்தை முழுக்கப் புள்ளி புள்ளியாகவே வரைந்திருந்தார்கள்.

“ஆத்துல இருக்கற ஊதாப் புள்ளியெல்லாம் நம்பிக்கையோட அடையாளமாமுங்ண்ணா. ஆர்டர் குடுத்த பையர் மெயில் போட்டிருக்காருங்க,” என்றாள் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஆஷா.

காசிமாயன் அந்தப் படத்தைத் தள்ளி வைத்தார். “நம்பிக்கையாம்ல! நொய்யல் ஆத்துல தெனமும் இந்த ஊதாச் சாயந்தான் ஓடுது. மூக்கப் பொத்திக்கிட்டுப் பாலத்தத் தாண்டுறோம். அந்தாளக் கூட்டியாந்து ஒரு வாய் குடிக்கச் சொல்லு தாயி.”

சாம்பிள் ஓகே ஆனது. வழக்கம்போல, ஊதா மை ஒட்டியிருந்த பிரிண்டிங் ஸ்கிரீனைக் கழுவினார். ஊதாத் தண்ணீர் அவர் பாதத்தை நனைத்துக்கொண்டு, நொய்யலுக்குப் போகும் சாக்கடையில் இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றவர் காறித் துப்பினார். எச்சில் அவருடைய ஊதாக் காலிலேயே விழுந்தது. அவர் துடைக்கவில்லை.