நாரையைப் பிடிக்க ஒரு முக்காலி

தோழிகளே, எல்லோரும் தூங்கிய பிறகு பயந்துகொண்டே எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

போட்டோ பிடித்துப் பிழைக்கும் என் நைனா இன்று கேமராவுக்கு முக்காலி வாங்க அரக்கோணம் போனார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

கடைக்கார பாய் இரண்டு காட்டினார். ஒன்று லேசானது. மற்றது கனத்த தேக்கு. அதன் தலையை வேண்டிய பக்கம் சாய்த்துத் திருகி இறுக்கலாம்.

"லேசானதே குடுங்க பாய். மொட்டை போட்ட கொழந்தைங்கள எடுக்க கோயில் மலைமேல தூக்கினு போவணும்" என்றார் நைனா.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "வேணாம் நைனா! நீள லென்ஸ மாட்டினா கேமரா மூக்கு கவுந்துடும்."

"பாப்பா கடை வெச்சா நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்!" என்று பாய் சிரித்தார்.

நைனா சிரிக்கவில்லை. "அத நான் மாட்டினதே இல்லியே. உனக்கு எப்டி தெரியும்?"

கேமராவை நான் தொடவே கூடாது. ஆனால் அவர் மதியம் தூங்கும்போது நீள லென்ஸை மாட்டி, கொல்லையில் அதை வைத்து ஏரி நாரையைப் பார்ப்பேன். கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் நாரை தலைகீழாகத் தெரியும். அதன் கண் தெளிவதற்குள் பழைய முக்காலி சரிந்துவிடும். ஒரு தடவையாவது அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டும்.

தேக்கு முக்காலியின் திருகைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். நைனா தேக்கையே வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் நீள லென்ஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

எனக்கேற்ற முக்காலி கூடத்தில் நிற்கிறது. சாவியை எப்படிக் கேட்பது? அடி வாங்காத யோசனையாக அனுப்புங்கள்.