முட்டுக்கல்லுக்குள் இருந்த பல்வரிசை

சேலத்தில் வாய்விட்டுச் சிரிக்கிற கிழவர்களில் பாதிப் பேர் ஹெலன் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. ஆனால் ரொம்ப மிகையில்லை. அம்மாப்பேட்டையில் கந்தவேல் நடத்தும் பல் லேபில் அவள் இருபத்தாறு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர்கள் நோயாளி வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து மெழுகில் ஈறு கட்டி, பல் அடுக்கி, அக்ரிலிக்கில் வார்த்து, மெருகேற்றி அனுப்புவது இவள் வேலை. பல்லைப் போட்டுக்கொண்டவர் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவார். ஹெலன் என்று ஒருத்தி உலகத்தில் இருப்பதே அந்த வாய்க்குத் தெரியாது. இந்தத் தொழிலின் கூத்தே அதுதான். பொய்ப்பல் என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிட்டால் வேலை கெட்டது என்று அர்த்தம்.

"முப்பதாயிரம் பல்லாவது வெச்சிருப்பேன். ஒண்ணுலயாச்சும் என் பேரு இருக்கா?" என்று அவள் வீட்டில் புலம்புவாள்.

"லாரியில ஓனர் பேரு இருக்குது, ஓனர் மக பேரு இருக்குது, சாமி பேரு இருக்குது. ஓட்டறவன் பேரு எங்க இருக்குது? சோத்தப் போடு" என்பான் கணவன் சேவியர்ராஜ்.

சேவியர்ராஜ் அரியலூர் சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சங்ககிரிக்குக் கொண்டுபோகிறவன். ஆத்தூர் ரோட்டில் வரும்போது அயோத்தியாப்பட்டணத்தில் வீட்டுக்குப் பக்கத்திலேயே வண்டியை ஓரங்கட்டிச் சாப்பிட்டுவிட்டுப் போவான். அங்கே ரோடு கொஞ்சம் சரிவு. அதனால் பின் டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுப்பான். அரியலூரில் பொறுக்கிய கல். இரண்டு வருஷமாகக் கேபினில் அவன் காலடியிலேயே கிடந்தது.

போன வருஷம் மழை விட்ட ஒரு மத்தியானம். ஹெலனுக்கு அன்றைக்கு லீவு. சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனவள் டயர் பக்கம் குனிந்தாள். கல் புரண்டு கிடந்தது. மழையில் அதன் அடிப்பக்கம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அதில் மொச்சைக்கொட்டை அளவில், கறுப்பாக, வழவழவென்று நாலைந்து புள்ளிகள், வரிசை தப்பாமல்.

"ஏங்க, இதுல பல்லு இருக்குங்க."

"உனக்குச் சோத்துலயும் பல்லுதான் தெரியும்."

"சத்தியமாப் பல்லு. நடுவுல பாருங்க, மென்னு மென்னு தேஞ்சிருக்கு."

அவன் வேறு கல்லைத் தேடி டயருக்கு வைத்தான். ஹெலன் அந்தக் கல்லைக் கேரியர் கூடையில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்தாள். அதை லேபுக்குக் கொண்டுபோய், அங்கே வேலை முடிந்ததும் தினம் ஒரு மணி நேரம் அதோடு உட்கார்ந்தாள். மெழுகு வழிக்கும் கத்தி, ஊசி, பழைய டூத் பிரஷ். இறுகிய அச்சுமாவுக்குள்ளிருந்து பல்லைச் சேதமில்லாமல் வெளியே எடுத்துப் பழகிய கைக்குச் சுண்ணாம்புக்கல் எம்மாத்திரம்? நாற்பது நாளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாடை எழுந்து வந்தது. நாலு வரிசை, உருண்டை உருண்டையாக இருபத்தேழு பல்.

நடுவரிசை ஒன்றில் மட்டும் ஓர் ஓட்டை.

இங்கேதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். வேறு யாராக இருந்தாலும் ஓட்டையை ஓட்டையாக விட்டிருப்பார்கள். ஹெலனால் முடியவில்லை. சந்து விட்டால் பக்கத்துப் பல் சாயும் என்பது அவள் தொழிலில் முதல் பாடம். இருபத்தாறு வருஷமாகச் சந்தைக் கண்டால் அடைத்தே பழகிய கை. அந்த ஓட்டையைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் அவளுக்கு ராத்தூக்கம் வரவில்லை. ஓட்டைக்குள் அப்பியிருந்த சுண்ணாம்பைக்கூட முழுசாகத் தோண்டாமல், வார்த்தது ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வரப் பூசும் பிரிமருந்தை வழக்கம்போலத் தடவி, கறுப்பும் பழுப்பும் கலந்து நிறம் பிடித்து, அக்ரிலிக்கில் ஒரு பல்லை வார்த்து உட்காரவைத்தாள். நடுவில் தேய்மானம்கூடப் போட்டாள். அடடா, அப்படியொரு பொருத்தம்! இப்போது இருபத்தெட்டு.

கந்தவேல் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருச்செங்கோட்டுக்காரர், வாய் சும்மா இருக்காது. "ஏம்மா ஹெலனு, கல்லுக்குப் பல்லுக் கட்டற அளவுக்கு நம்ம லேப் வந்திருச்சா? ராசிபுரத்துல எங்கக்கா மக வித்யா காலேஜுல கல்லு மண்ணைப் பத்தித்தான் பாடம் எடுக்கறா. வரச் சொல்றேன் இரு."

வித்யா வந்தாள். முப்பது வயது, கண்ணாடி, தோளில் கனமான பை. கல்லைப் பார்த்ததும் பையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றாள்.

"அக்கா, இது மீனுங்க. முள்ளு இருக்கற எலும்பு மீன். நம்ம வவ்வால் மீனாட்டம் தட்டையா இருக்கும். அரியலூரெல்லாம் கடலா இருந்தப்ப, கரையில டைனோசர் நடந்துக்கிட்டு இருந்தப்ப, இது தண்ணிக்குள்ள நத்தையையும் சிப்பியையும் நொறுக்கித் தின்னுக்கிட்டு இருந்திருக்கு. இந்த வம்சமே இப்ப இல்லீங்க. பொதுவா உதிரிப் பல்லுதான் கெடைக்கும். இப்படி ஒண்ணுகூடக் கொறையாம முழு வரிசையா யாரு பாத்திருக்காங்க!"

ஒண்ணுகூடக் குறையாமல்! ஹெலன் அந்த இருபத்தெட்டாவது பல்லைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வித்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு சுத்தமா எடுக்க இந்தப் பக்கத்துல ஆளே இல்லீங்கக்கா. எங்கிட்ட எட்டுப் பெட்டி கல்லு அப்படியே கெடக்குது. நீங்கதான் பண்ணித் தரணும். சம்பளம் வாங்கித் தரேன். கட்டுரையில உங்க பேரும் அச்சுல வரும்."

வாயெடுத்தவள் வாயை மூடிக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் பேரை அச்சில் போடுகிறேன் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். ஆசை யாரை விட்டது?

வித்யா சுரங்கத்துக்கு எழுதி முறைப்படி அனுமதி வாங்கினாள். கல்லைக் கல்லூரிக்கு எடுத்துப்போய்ப் படம் எடுத்தாள். முழு வரிசை என்பதையே கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தாள். வாரம் ஒருமுறை போன் செய்தவள் கடைசியில், "வர்ற வெள்ளிக்கிழமை கட்டுரைய பத்திரிகைக்கு அனுப்பறேங்கக்கா" என்றாள். ஹெலன் சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். அவள் கதையெல்லாம் கேட்ட சாமியார், "என்கிட்ட சொல்லிட்ட, சரி. அந்தப் பொண்ணுகிட்ட யாரும்மா சொல்றது?" என்று கேட்டார்.

"சொன்னா எட்டுப் பெட்டியும் போயிரும்" என்றாள் வீட்டில்.

"போனாப் போகுது" என்றான் சேவியர்ராஜ். "பிரேக் பிடிக்கலைன்னு தெரிஞ்சும் வண்டிய அடுத்தவன் கையில குடுப்பியா?"

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, கத்தியையும் ஊசியையும் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்கே போனாள். வித்யாவின் மேசைமேல் அந்தக் கல் பஞ்சுமெத்தையில் ராணி மாதிரி படுத்திருந்தது.

"வித்யா, இதுல ஒரு பல்லு நான் வெச்சது."

வித்யா சிரித்தாள். பிறகு ஹெலனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். பூதக்கண்ணாடியை எடுத்து நாலு வரிசையும் தேடினாள். அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அது அவள் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது.

"எதுங்க?"

ஹெலன் ஊசி முனையால் காட்டினாள்.

"நாளைக்கு இதை அனுப்பியிருந்தா என் மானம் கப்பலேறியிருக்கும். இத்தனை நாளா என்னங்க பண்ணீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"தப்புதான். பேரு வருதேன்னு வாயடைச்சுப் போச்சு. அதுக்கு முன்னாடி, சந்தைப் பாத்தா அடைச்சுத்தான் பழக்கம். மீனுக்குன்னாலும் கை கேக்கல."

வித்யா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். பிறகு வந்து கல்லின்மேல் குனிந்து, "எடுக்க வருமா? பக்கத்துப் பல்லு போயிராதே?" என்று கேட்டாள்.

"வரும். பிரிமருந்து தடவித்தான் வெச்சேன்."

அந்த ஒரு பழக்கம் அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது. கத்தி முனையை ஓரத்தில் கொடுத்து ஒரு நெம்பு. பல் 'டிக்' என்று கையோடு வந்தது. கீழே அவள் அன்றைக்குத் தோண்டாமல் விட்ட சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. விட்ட வேலையை விட்ட இடத்திலேயே முடிப்போம் என்று ஹெலன் ஊசியை எடுத்தாள். வித்யா விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்தாள்.

ஒரு மணி நேரம் போனது. சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. திடீரென்று ஹெலனின் கை நின்றது.

"இங்க வாங்களேன். இங்க எதோ இருக்கு."

ஓட்டையின் அடியில், கடுகுக்கும் கேழ்வரகுக்கும் நடுவிலான அளவில், மூன்று குட்டிப் பற்கள். வரிசையும் இல்லை, ஒழுங்கும் இல்லை. கிடைத்த இடத்தில் இடித்துக்கொண்டு முளைத்திருந்தன.

வித்யா பூதக்கண்ணாடிக்குள் குனிந்தவள் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, இந்த மீனுங்களுக்கு மத்த மீனாட்டம் பல்லு விழுந்து விழுந்து முளைக்காதுங்க. எங்கயாச்சும் ஒடைஞ்சு சந்து விழுந்தா மட்டும், அந்தச் சந்தை அடைக்கக் குட்டிக் குட்டிப் பல்லா வைக்கும். படிச்சிருக்கேன். என் கையில இப்பத்தான் பாக்கறேன். முழு வரிசையைவிட இது எவ்வளவு பெரிசு தெரியுமாங்க!"

ஹெலனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அட பாவி மீனே, நீ ஏற்கனவே அடைச்சுட்டியா? நாந்தான் உன் வேலைமேல என் வேலையை வெச்சு மூடிட்டேனா?"

வித்யாவும் சிரித்துவிட்டாள். பிறகு மேசையில் உட்கார்ந்து கட்டுரைத் தலைப்பை ஒரே கோடாக அடித்தாள். "வெள்ளிக்கிழமை அனுப்ப முடியாது. மொதல்லேருந்து எழுதணும். நீங்க பல்லு வெச்சதையும் எழுதுவேன், எடுத்ததையும் எழுதுவேன். மறைக்க மாட்டேங்க."

"எழுதுங்க. எட்டுப் பெட்டி?" என்று ஹெலன் மெதுவாகக் கேட்டாள்.

"இனிமே சந்தை அடைக்க மாட்டீங்கல்ல?"

"மாதா சத்தியமா மாட்டேன்."

"அப்ப ஒரு பெட்டி இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க."

போகும் முன் ஹெலன் அந்த அக்ரிலிக் பல்லைக் குப்பைக்கூடையில் போடப் போனாள். வித்யா அவள் கையைத் தடுத்தாள். சின்னப் பிளாஸ்டிக் உறையில் அதைப் போட்டு, ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து, கல்லுக்குப் பக்கத்திலேயே பஞ்சில் படுக்கவைத்தாள். ஹெலன் குனிந்து படித்தாள். 'பின்னர் வைத்து எடுக்கப்பட்ட பல். செய்தவர்: ஹெலன் சேவியர்ராஜ், பல் டெக்னீஷியன், சேலம்.'

முப்பதாயிரத்துச் சொச்சம் பல்லில் அவள் பேர் எழுதிய முதல் பல் அதுதான். அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறப் போனாள்.