நாளுக்கொரு பக்கம்

நான் காவல் பணிக்குச் செல்லும் தொழிற்சாலைப் பேருந்தின் கூரையில் இன்று தூறல் விழுந்தது. பட்டுப்புழுக்கள் இலை தின்னும் ஓசை போலவே இருந்தது அது.

கெலமங்கலத்தில் என் தந்தையார் காலையில் புழுக்களுக்கு இலை போட்டுவிட்டு, அவ்வோசையினூடே ஒரு புத்தகத்தில் நாளுக்கு ஒரு பக்கம் படிப்பார். மல்பெரி இலை ஒன்றை அடையாளமாக வைத்து மூடுவார். அதற்குமேல் நேரம் வாய்த்ததில்லை, புத்தகம் பாதியில் இருக்கும்போதே காலமானார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று அதைத் திறந்தேன். அவர் கடைசியாக நிறுத்திய பக்கத்திலிருந்து பதினாறு பக்கம் தள்ளி, இலை வாடாமல் இருந்தது.

"மூடி வைடா, அப்பா இன்னும் முடிக்கல," என்றார் அம்மா, புழுத்தட்டைத் துடைத்தபடியே.

அந்தப் புத்தகத்தை இம்மாதம்தான் முதலிலிருந்து, நாளுக்கொரு பக்கமாகப் பேருந்தில் படிக்கிறேன். இன்று திறந்தபோது, நேற்று நான் நிறுத்திய பக்கத்துக்கு அடுத்ததில் பச்சை இலை.

அவரும் மறுபடி தொடங்கியிருக்கிறார் போலும். சன்னலோரம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டேன்.